கூடிக் கேட்போம், கேள்வியும் கேட்போம்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறர் சொல்வதைச் செவியால் ஏற்பதும் கேள்வி. ஐயம் தோன்றியபோது வினவுவதும் கேள்வி. ஒரே சொல்லில் இவ்விரண்டையும் அடக்கிய நம் முன்னோர், கேட்பவன் வினவுவான் என்றும், வினவாதவன் முழுமையாகக் கேட்டவன் ஆகான் என்றும் கருதினர் போலும். வள்ளுவப் பெருந்தகை 40ஆம் அதிகாரத்தில் கல்வியையும் 41ஆம் அதிகாரத்தில் கல்லாமையையும் கூறி, 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். நூல் கற்கும் வாய்ப்பு அமையாதவரும் கேட்டேனும் அறிவு பெறுக என்பது அப்பெருமகனார் காட்டிய வழி.

குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து காணத்தக்க நல்லுரைப் பதிவுகள் சிலவற்றைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பட்டியல் தருவது எளிது. ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது பட்டியலை அன்று. 'ஒருங்கே' என்னும் சொல்லையே. தனியே இருந்து கேட்பவனுக்குக் கேள்வியின் முதற்பொருள் மட்டுமே கைகூடும். கூடியிருந்து கேட்கும் குடும்பத்துக்கே அதன் இரண்டாம் பொருளும் கைகூடும். உரை எத்துணைச் சிறந்ததாயினும், அதன் பின் வீட்டில் ஒரு பேச்சு எழவில்லையெனில் அதன் பயன் பாதியே என்பது என் கருத்து.

மறைந்த குரல்கள்

பேச்சுக்கலை தமிழ் மண்ணில் வேரூன்றிய கலை. அதில் நம் புதுச்சேரிக்கும் தனிப் பங்கு உண்டு. 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்நகரில் வாழ்ந்தார். அவர் பேசவும் பாடவும் அருகிருந்து கேட்டவர்களுள் ஒருவரே பின்னாளில் பாவேந்தர் பாரதிதாசனாக உயர்ந்தார். 1921ஆம் ஆண்டு ஈரோட்டைச் சார்ந்த கருங்கல்பாளையத்தில், மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள் பற்றிப் பாரதியார் உரையாற்றினார். சில வாரங்களில் மறைந்தார். இசைத்தட்டு வழக்கில் இருந்த காலந்தான் அது. ஆயினும் அவர் குரலைக் கேட்டறிய நமக்கு ஒரு பதிவும் கிட்டவில்லை.

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் அறிஞர் கூடிய அவையில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு செய்திகளில் ஒருங்கே கவனம் செலுத்திய அந்த நாவன்மையை நாம் ஏட்டில் படிக்கிறோமேயன்றிச் செவியால் கேட்க இயலவில்லை. இசுலாமியராகிய அவரே வள்ளலாரின் அருட்பாவுக்கு ஆதரவாக மேடையேறிப் பேசினார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனைப் பேசியபோது அவை கட்டுண்டு கிடந்தது என்பர். ஒருவர் சமயம் வேறு, அவர் சுவைத்துப் பேசும் நூலின் சமயம் வேறு என்பது குறித்து எவரும் வியப்படையாத அவைகள் அவை.

இத்தகைய அவைகளுக்கு ஒரு குறையும் இருந்தது. அங்கே செல்ல முடிந்தவர் பெரும்பாலும் ஆடவரே. வீட்டு வேலையும் கைக்குழந்தையும் வழக்கமும் தடுக்க, நம் தாய்மாரும் தமக்கையரும் அவற்றைக் கேட்டாரல்லர். இக்குறையை ஓரளவு தீர்த்தவை வானொலியும் ஒலிநாடாவும் ஆகும்.

ஒரே கருவி, ஒரே கூடம்

வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தனர். புதுவையிலோ, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சொல்தாக் குடும்பத்தினரும் அதனைக் கொண்டுவந்தனர். வெள்ளிக்கிழமை பயானும், நாகூர் அனிபாவின் பாடலும், வாரியார் சுவாமிகளின் தொடர் சொற்பொழிவும், அரசியல் தலைவர்களின் மேடை முழக்கமும் அவரவர் இல்லத்துக்கு ஒலிநாடாவில் வந்து சேர்ந்தன. வானொலியில் காலைதோறும் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னார். 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி தோன்றிய பின், பண்டிகை நாட்களில் பேராசிரியர் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றம் சமய வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் ஒலித்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அன்று குடும்பம் கூடியிருந்து கேட்டதற்குக் காரணம் அன்பு மட்டுமன்று. வீட்டில் கருவி ஒன்றே இருந்ததும் காரணம். ஒரே கருவி என்பதால் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். பாட்டியார் விரும்பியதைப் பேரன் கேட்க நேர்ந்தது. பேரன் விரும்பியதைப் பாட்டியார் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்வதற்குள் வீட்டில் ஒரு பட்டிமன்றம் நடந்து முடிந்துவிடும்.

இன்று கருவி பல. ஒரே அறையில் நால்வர் இருப்பினும் நால்வர் செவியிலும் நான்கு குரல்கள் ஒலிக்கின்றன. தந்தை கேட்பதை மகன் அறியான். மகள் கேட்பதைத் தாய் அறியாள். முன்பு தாமாகவே அமைந்த கூட்டத்தை இன்று நாமே முயன்று அமைக்க வேண்டியுள்ளது. முயலாவிடின் என்ன நேரும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வழி தேடிச் சென்ற ஒரு குடும்பத்தாரைக் குழந்தை கடத்துவோர் எனக் கருதி ஒரு கூட்டம் தாக்கியது. சென்னையைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்று வாட்ஸ்அப் வழியே கைப்பேசிதோறும் பரவிய வதந்தியே அதற்கு வித்து. அந்தப் பதிவுகளைக் கேட்டவர்கள் பாமரர் மட்டும் அல்லர். 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்க ஒருவர் அருகில் இல்லாமல், தனித்தனியே கேட்டவர்கள்.

ஆகவே, நல்லுரை ஒன்றைக் குடும்பத்தோடு காண்பது பொழுதுபோக்கு அன்று. கேட்டதை ஆராயும் பழக்கத்துக்கு அது வீட்டிலேயே அமையும் பயிற்சிக்கூடம்.

தெரிந்தெடுக்க மூன்று வினாக்கள்

எவ்வுரையைத் தெரிந்தெடுப்பது? மூன்று வினாக்களை முன்வைக்கிறேன்.

முதல் வினா: சொன்னவர் யார்? எங்கே, எப்போது, எந்த அவையில் சொன்னார்? நமக்குக் கிடைத்திருப்பது முழுவுரையா, வெட்டியெடுத்த துண்டா? இது நம் சமுதாயத்துக்குப் புதியதோர் அளவுகோல் அன்று. நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி முதலானோர், செய்தியைப் பார்க்குமுன் அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்தனர். யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் சந்தித்திருக்கக் கூடுமா என ஆராய்ந்து, ஐயத்துக்கிடமானவற்றை விலக்கினர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்துணைக் கடுமையான தேர்வை வகுத்த மரபில் வந்த நாம், முகமறியாத ஒருவர் அனுப்பிய அரை நிமிடக் குரலைச் சரிபாராமல் பத்துப் பேருக்கு அனுப்புவது தகுமா? மறைந்தவர் குரலையும் கணினியே படைத்துக் காட்டும் இந்நாளில் இவ்வினா முன்னினும் இன்றியமையாததாகிறது.

இரண்டாம் வினா: உரை முடிந்த பின், முன்பு தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்ததா? இன்று ஊக்கவுரை என்னும் பெயரில் வெற்றிக்குப் படிகள் எண்ணிச் சொல்லும் பேச்சுகள் மலிந்துள்ளன. கேட்கும்போது நரம்பு முறுக்கேறும். மறுநாட் காலையில் ஒன்றும் எஞ்சாது. செய்தவர் தாம் செய்ததைச் சொல்லும் உரை அத்தகையதன்று. அதில் வழியும் உண்டு, வழுக்கலும் உண்டு.

மூன்றாம் வினா: கேட்டபின் நம் உள்ளம் விரிந்ததா, சுருங்கியதா? அண்டை வீட்டாரை நேற்றைவிட ஐயத்தோடு நோக்கச் செய்யும் உரை எத்துணை அழகாகப் பேசப்படினும், எச்சமயத்தார் பேசினும், அது நம் கூடத்துக்கு ஆகாது.

பரிந்துரைக்கும் உரைகள்

இம்மூன்று வினாக்களுக்கும் நேரிய விடை தரும் உரைகளுள், நான் மாணவருக்கும் நண்பர்களுக்கும் வழக்கமாகச் சொல்வனவற்றை ஈண்டுத் தருகிறேன். இவை யாவும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவை. 'டெட்' என்னும் அமைப்பின் மேடையில் பேசுவோர்க்கு 18 நிமிடமே வரம்பு. எனவே அவ்வுரைகள் சிறுவரும் அமர்ந்து கேட்கும் அளவின.

முதலாவது, அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றித் துளசிராஜ் அவர்கள் 2009இல் மைசூரில் நடந்த டெட் மாநாட்டில் ஆற்றிய உரை. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல், தம் 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியதே அம்மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அவர் கண் அறுவை செய்யப் பழகினார். கட்டணம் செலுத்த இயன்றவரிடம் பெற்று, இயலாதவருக்கு இலவசமாகச் செய்தும் நிறுவனம் நட்டமடையாமல் வளர்ந்தது எவ்வாறு? கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை 1992 முதல் தாமே செய்து அதன் விலையைப் பன்மடங்கு குறைத்தது எவ்வாறு? உரை இவற்றைக் கணக்கோடு விளக்குகிறது. வெங்கடசாமி அவர்கள் ஸ்ரீஅரவிந்தரிடத்துக் கொண்ட ஈடுபாட்டால் அமைந்தது அப்பெயர். அவ்வகையில் அதன் வேர் நம் புதுவையைத் தொடுகிறது. நம் தவளக்குப்பத்தில் 2003 முதல் அதன் மருத்துவமனை இயங்குகிறது. அங்கே கண்புரை நீக்கிக்கொண்ட பெரியவர் வீட்டில் இருப்பாராயின், உரை முடிந்ததும் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2007 ஏப்ரல் 25 அன்று ஸ்திராஸ்பூர் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை. இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன், பிரெஞ்சு மண்ணிலே, ஐரோப்பிய நாடுகளின் உறுப்பினர்கள் முன்னே, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்துக்காட்டிப் பேசுகிறார். தம் சொந்தக் கவிதை ஒன்றைப் படித்து முடிக்கிறார். அவை எழுந்து நின்று கையொலி எழுப்புகிறது. கலாம் சொன்னதாக அவர் சொல்லாத பொன்மொழிகள் பல இன்று உலவுகின்றன. அவர் உண்மையில் பேசியதை அவர் குரலிலேயே முழுமையாகக் கேட்பது, முதல் வினாவுக்குரிய நல்ல பயிற்சியாகவும் அமையும்.

மூன்றாவது, நைசீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆற்றிய 'ஒற்றைக் கதையின் ஆபத்து' என்னும் பொருளுடைய உரை. அவர் வீட்டில் வேலை செய்த சிறுவனின் குடும்பம் ஏழ்மையானது என்று மட்டுமே தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தார். ஒருநாள் அவன் ஊருக்குச் சென்றபோது, அவன் அண்ணன் முடைந்த அழகிய கூடையைக் கண்டு திகைத்தார். ஏழைகள் என்பதன்றி வேறு எதுவாகவும் அவர்களைத் தாம் எண்ணியதே இல்லை என அப்போது உணர்ந்தார். பின்னர் அமெரிக்காவில் அவருடன் தங்கிய மாணவி, ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்று ஐயுற்றாள். இப்போது ஒற்றைக் கதைக்குள் அடைபட்டவர் அவரே! ஓர் இனத்தைப் பற்றி ஒரே கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் அந்த இனம் அக்கதையாகவே ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம். திரைப்படத்தில் இசுலாமியப் பாத்திரம் ஒன்று தோன்றியதும், அடுத்து என்ன வரும் என முன்கூட்டியே அறிந்து மனம் நொந்த நம் இளைஞர்களுக்கு இவ்வுரை புதிதாக ஒன்றையும் சொல்லாமற் போகலாம். ஆனால் அவர்கள் நிற்க வேண்டிய இடம் அடுத்தது: நாம் பிறரைப் பற்றிச் சொல்லும் ஒற்றைக் கதைகள் யாவை? இவ்வினாவுக்கு வீட்டில் ஒரு மாலைப்பொழுது போதாது.

நான்காவது, மலாலாவின் தந்தை ஜியாவுத்தீன் யூசுஃப்சாய் 2014 மார்ச்சு மாதம் பேசியது. மகள் நோபல் பரிசு பெறுவதற்கு முன்னரே நிகழ்ந்த உரை இது. மகள் பிறந்தபோது உறவினர் கொண்டுவந்த குடிவழிப் பட்டியலில் ஆடவர் பெயர்களே இருக்கக் கண்டு, தம் பெயரிலிருந்து ஒரு கோடிழுத்து மலாலா என்று தாமே எழுதியதை அவர் கூறுகிறார். மகளின் துணிவுக்குத் தாம் செய்தது யாதெனக் கேட்போரிடம், செய்ததைக் கேளாதீர், செய்யாமல் விட்டதைக் கேளுங்கள். அவள் சிறகுகளை நான் கத்தரிக்கவில்லை என்னும் பொருள்பட மறுமொழி பகர்கிறார். நம் சமுதாயத்துப் பெண்மக்கள் கல்லூரிக்கு வரத் தொடங்கிவிட்டனர், அது மகிழ்ச்சிக்குரியது. இளநிலைப் பட்டத்துக்குப் பின் எத்தனை பேர் தொடர்கின்றனர் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். ஆகவே இவ்வுரையை மகளோடு தந்தையும் பாட்டனாரும் அமர்ந்து காண்பது மிக நன்று.

ஐந்தாவது, கோவை அருணாசலம் முருகானந்தம் 2012இல் பெங்களூரில் ஆற்றிய உரை. மனைவி எதையோ முதுகுக்குப் பின் மறைத்துச் செல்வதைக் கண்டு வினவிய அவர், கடையில் விற்கும் மாதவிலக்குப் பஞ்சணை வாங்கினால் பால் வாங்கும் பணம் குறையும் என்னும் விடை கேட்டார். பள்ளிப் படிப்பை முடிக்காத அத்தொழிலாளி, குறைந்த விலையில் அதைச் செய்யும் எளிய பொறியைப் பல்லாண்டு முயன்று உருவாக்கினார். ஊரார் இகழ்ந்தனர், மனைவியும் தாயும் பிரிந்து சென்றனர், பின்னர்த் திரும்பினர். நம் ஊர்ச் சாயலோடு கூடிய ஆங்கிலத்தில், அவையைச் சிரிக்க வைத்தபடியே இதனை அவர் கூறுகிறார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இவ்வுரையைக் குடும்பத்தோடு காணலாமா என்று சிலர் தயங்குவர். அத்தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உடன்படுகிறேன் அல்லேன். நம் மதரசாக்களில் ஓதப்படும் மார்க்கச் சட்ட நூல்கள் தூய்மை பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. ஹைளு பற்றிய சட்டங்கள் அவற்றில் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டுள்ளன. அன்சாரிப் பெண்களை, மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதாக அறிவிப்பு உண்டு. மரபு நாணாதபோது நாம் ஏன் நாண வேண்டும்? வயிற்று வலியோடு வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவி, தன் வீட்டில் தந்தையும் அண்ணனும் இதனை அறிந்தவர்கள் என்று உணர்ந்தால் அவளுக்கு எத்துணை ஆறுதல்! வாப்பாவோடு சேர்ந்து காண்பது இயலாதெனின், உம்மாவும் மகனும் காணட்டும். மகன் அறியவேண்டியது அதில் மிகுதி.

ஆறாவது, சில நிமிடங்களே நீளும் இரு பேச்சுகள். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியவுடன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பேசியது ஒன்று. செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்1 ஏவப்பட்ட பின் அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி பேசியது மற்றொன்று. முன்னவர் நமக்கு அண்மையில் உள்ள விழுப்புரத்தார். பின்னவர் செங்கோட்டையில் பிறந்த இசுலாமியப் பெண்மணி. பல்லாண்டு உழைப்பின் முடிவில் ஒலிவாங்கி கைக்கு வந்தபோது இருவரும் தம் குழுவினருக்கு நன்றி கூறிச் சுருக்கமாக முடித்துக்கொண்டனர். செய்தவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பதைப் பிள்ளைகள் காண வேண்டும்.

இவற்றோடு, சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் தென்கச்சியாரின் 'இன்று ஒரு தகவல்' பதிவுகளையும், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமானின் கவியரங்கப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தென்கச்சியார் 2009இலும், கவிக்கோ 2017இலும் மறைந்தனர். பாரதிக்கும் பாவலருக்கும் நேர்ந்தது போலன்றி, இவர்கள் குரல்கள் நம்மிடம் எஞ்சியுள்ளன.

எவ்வாறு காண்பது?

வாரத்துக்கு ஓர் உரை போதும். ஞாயிற்றுக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பின்னோ, அவரவர் வீட்டுக்கு ஒத்த வேறு நேரத்திலோ அமரலாம். கைப்பேசிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் பெரிய திரையில் காண்பது நன்று. உரையைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாரம் ஒருவருக்கு என முறை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குட்டிக்கும் ஒரு வாரம் உரியதாகுக.

ஆங்கிலம் தடையாகுமே என்பர். டெட் உரைகள் பலவற்றுக்குத் தன்னார்வலர் தமிழ் எழுத்துரை சேர்த்துள்ளனர். அஃதில்லாதவற்றைக் கல்லூரியில் பயிலும் பிள்ளை இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லட்டும். பாட்டியாருக்கு விளங்கும்படி ஒரு கருத்தைச் சொல்ல வல்லவனே அக்கருத்தை விளங்கிக்கொண்டவன். மொழிபெயர்ப்புத் தாளுக்கு இதனினும் சிறந்த பயிற்சியை எங்களால் வகுப்பறையில் தர இயலாது. பிரான்சில் வாழும் உறவினர் உள்ள குடும்பங்கள், அவர்களையும் அதே உரையைக் காணச் சொல்லிவிட்டு, அவ்வாரத் தொலைபேசி உரையாடலில் அதுபற்றிப் பேசலாம். நலம் கேட்டு, வானிலை கேட்டு, பேச்சு வற்றிப்போகும் அழைப்புகளுக்கு அது புதுநீர் பாய்ச்சும்.

உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு வினா எழுப்ப வேண்டும் என்பது ஒன்றே விதி. 'நன்றாயிருந்தது' என்பது விடையாகாது. பேசியவர் சொன்னதை மறுக்கவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். மறுப்பை வீட்டில் பணிவோடு சொல்லப் பழகியவன், வெளியில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடமாட்டான்.

மார்க்கச் சொற்பொழிவுகள் இருக்க இவை எதற்கு எனச் சில பெரியோர் வினவக்கூடும். அவற்றுக்கு மாற்றாக இவற்றை நான் கூறவில்லை. கண்ணொளி தருவதும், பெண்மக்களைக் கற்பிப்பதும், அண்டை அயலாரை அறிந்து நடப்பதும் மார்க்கத்துக்குப் புறம்பானவையும் அல்ல. பேச்சு என்றாலே சலிப்பாக உள்ளது என மாணவர் சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு நான் கூறுவது: விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் துணுக்குகளில் ஒரு மணி நேரம் கழிகிறதே, அவற்றுள் ஒன்றேனும் இரவு உணவு வரை நினைவில் நிற்கிறதா?

அடுத்த உரை

இறுதியாக ஒன்று. இவ்வாறு சில வாரங்கள் கூடிக் கேட்ட வீட்டில், திரையில் தோன்றாத ஒருவர் பேசத் தொடங்குவார். அவர் பாட்டனாராக இருக்கலாம், பாட்டியாராக இருக்கலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பியதையும், நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக் கொடி இறங்கியதையும் சிறுவராய்க் கண்டோர், கேட்டோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். முல்லா வீதியிலும் காசி வீதியிலும் அன்று வீடுகளில் என்ன பேசிக்கொண்டனர், பிரெஞ்சுக் குடியுரிமையை ஏற்பதா விடுப்பதா என எத்துணை இரவுகள் விழித்திருந்தனர் என்பது வரலாற்று நூல்களில் இல்லை. அவர்கள் நெஞ்சில் மட்டுமே உள்ளது.

நூறாண்டுக்கு முன் பாரதியின் குரலைப் பதிவு செய்ய ஒரு பெரும் பொறி வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் அப்பொறி உள்ளது. அவர்கள் பேசும்போது அதனை எடுத்து அருகில் வையுங்கள், நாளும் இடமும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள், இடைமறிக்காமல் கேளுங்கள், பின்னர் வினவுங்கள்.